கங்காணி மோட்டாருக்கு வாய்ப்பூட்டு

மோட்டார் திருத்தும் தொழிலில் ஒரு நியாயம் உண்டு: வண்டி ஓடினால் அது வண்டியின் பெருமை, நின்றுபோனால் அது மெக்கானிக்கின் குற்றம். மோட்டார் சைக்கிள் வைத்து அவதிப்பட்டவர்களும் அதைத் திருத்தி அவதிப்பட்டவர்களும் இதைப் படித்தால் என் வயிற்றெரிச்சல் புரியும்.

எழுபதுகளின் கடைசியில் ரிங்லெட் என்ற மலையூரில் ஒரு மளிகைக் கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் பட்டறை வைத்திருந்தேன். எங்கள் பக்கத்தில் மெக்கானிக்கை, ஃபோர்மன் என்பது தேய்ந்து, 'போமன்' என்பார்கள். போமன் என்றால் அவனுக்குக் கீழே பத்துப் பேராவது இருப்பார்கள் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். எனக்குக் கீழே இருந்தது ஒரு மரப்பெட்டி. அதன் மேல் உட்கார்ந்துதான் வேலை பார்ப்பேன். வீடு மேலே தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில். அப்பா இல்லை. அம்மா தோட்டத்தில் கொழுந்து எடுத்தாள்.

பழி தாங்கும் காற்று

மலையில் காற்று லேசு. கீழே அடிவாரத்துத் தாப்பாவில் நன்றாக ஓடிய வண்டி இங்கே ஏறி வந்ததும் குடிகாரன் மாதிரி திணறும், புகை கக்கும், பிளக் கரிக்கட்டை ஆகிவிடும். காற்று குறைவு, பெட்ரோல் அதிகம் என்று அர்த்தம். கார்பரேட்டருக்குள்ளே ஜெட் என்று ஒரு பித்தளைத் துண்டு இருக்கிறது. அதிலுள்ள ஊசித் துளை வழியாகத்தான் பெட்ரோல் போகும். அதைக் கழற்றிவிட்டு இன்னும் சிறு துளை உள்ளதைப் போட்டால் வண்டி தெளிந்துவிடும். பிளக்கின் முனை நம் பால் தேநீர், தே தாரிக் நிறத்தில் இருந்தால் எல்லாம் சரி. இந்த ஒரு வித்தையை வைத்து நான் பெரிய ஆள் ஆனேன். சங்கிலி அறுந்தாலும் விளக்கு எரியாவிட்டாலும் "எல்லாம் மலைக் காத்து" என்று சொல்லிவிடுவேன். ஜனங்களும் நம்பினார்கள்.

பக்கத்து ஊர் தானா ராத்தாவில் அந்தோணி வாத்தியார் என்று ஒருவர். அவர் வண்டிக்குச் சின்ன ஜெட் போட்டுக் கொடுத்தேன். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கோட்டும் டையும் மாட்டிக்கொண்டு தாப்பாவில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிவிட்டார். கீழே இறங்க இறங்கக் காற்று கனத்தது. பெட்ரோல் போதாமல் எஞ்சின் கொதித்து, தாப்பாவுக்குக் கொஞ்சம் முன்னால் பிஸ்டன் பிடித்துக்கொண்டது. மனிதர் காய்கறி லோரியில் முட்டைக்கோசுகளுக்கு நடுவில் உட்கார்ந்து கல்யாண மண்டபத்தில் போய் இறங்கியிருக்கிறார். மறுநாள் வண்டியை என் முன்னால் சாய்த்துவிட்டு நின்றார். "கீழே காத்து கனம், வாத்தியாரே, நான் என்ன பண்ணட்டும்?" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்ப அடுத்த கல்யாணத்துக்கு நம்ம ஊர்க் காத்த ஒரு பையில கட்டி எடுத்துட்டுப் போவவா தம்பி?"

சேகரின் புகழ்

சேகர் என்று ஒரு பையன், லெம்பா பெர்த்தாமில் காய்கறித் தோட்டத்தில் வேலை. எழுபது சிசி கப்சாய் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தான். புகை போகும் எக்சோஸை அறுத்து, உள்ளே இருக்கும் சத்தம் அடக்கும் குழாயை உருவி எறியச் சொன்னான். அப்படிச் செய்தால் வண்டியின் இழுவை போய்விடும் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். காசு கொடுப்பவன் அவன், கெட்டுப்போவதும் அவன் வண்டி. அறுத்துக் கொடுத்தேன்.

அன்று மாலை அவன் ரிங்லெட் மேட்டில் ஏறிய சத்தத்தில் மளிகைக் கடையின் பிஸ்கட் தகரங்கள் அலமாரியில் நடந்தன. எல்லோரும் வாசலுக்கு ஓடி வந்தார்கள். ஏதோ பந்தய வண்டி வருகிறது என்று பார்த்தால் சேகர் ஆடி அசைந்து வருகிறான். அவனுக்குப் பின்னால் வந்த உர லோரி பொறுமை இழந்து அவனை முந்திக்கொண்டு போனது. மறுநாள் போலீஸ் சம்மனோடு வந்தான். முகத்தில் கவலையே இல்லை. "முன்னைவிட மெதுவாகத்தானே போகிறது, மறுபடி குழாயை வெல்டிங்கில் பற்றவைத்து விடட்டுமா?" என்று கேட்டேன்.

"மெதுவாப் போனா என்னண்ணே? நான் போறது எல்லாருக்கும் தெரியுதுல்ல!"

கங்காணி போட்ட நிபந்தனை

சேகரின் சத்தம் ராமையா கங்காணியின் காதிலும் விழுந்திருக்கிறது. சத்தத்தைக் கூட்டத் தெரிந்தவனுக்குக் குறைக்கவும் தெரியும் என்று அவர் கணக்குப் போட்டுவிட்டார்.

எங்கள் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் பெண்களுக்கு அவர்தான் தலைவர். அம்மா அவர் கூட்டத்தில்தான் வேலை செய்தாள். அவர் மகள் பாக்கியமும் அதே கூட்டத்தில்தான். மகள் என்பதற்காக ஒரு இலை சலுகை கிடையாது. அந்தப் பாக்கியத்தைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று எனக்கு ஆசை. மறைக்க என்ன இருக்கிறது, பைத்தியமாகவே இருந்தேன். அம்மா போய்க் கேட்டதற்குக் கங்காணி "பார்ப்போம்" என்றார். நாலு மாதமாகப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அவரிடம் ஒரு பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி இருந்தது. ஆபீஸ் பக்கமிருந்து அவர் கிளம்பினால் ரெண்டு வளைவுக்கு முன்னாலேயே தேயிலைக் காட்டில் கேட்டுவிடும். இடுப்பு வலிக்கு உட்கார்ந்தவர்கள், வெற்றிலை போட ஒதுங்கியவர்கள், காலில் அட்டை பிடுங்குகிறவர்கள் எல்லோரும் எழுந்துகொள்வார்கள். அவர் வந்து நிற்கும்போது, பிறந்ததிலிருந்து உட்கார்ந்தே அறியாதவர்கள் மாதிரி கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பார்கள். தோட்டத்தை நடத்தப் புதிதாக வந்த துரை, கொழுந்து ஏன் குறைகிறது என்று அவரைக் கேட்டுவிட்டார். கங்காணிக்கு அது பெரிய அவமானம். நேரே என் பட்டறைக்கு வந்தார். வண்டியைக் காட்டினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நான் வர்றது என் நெழலுக்கே தெரியக் கூடாது தம்பி. அப்படிப் பண்ணிக் குடு, ஒங்கம்மாவ வெத்தல பாக்கோட வரச் சொல்லு."

வெறும் சோறு

மூன்று நாள் அந்த வண்டியோடு குடித்தனம் நடத்தினேன். எக்சோஸின் வால் பக்கத்தில் உள்குழாய் ஒன்று இருக்கும், உடம்பெல்லாம் துளை. ஒரே ஒரு போல்ட்தான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். பத்தாம் நம்பர் ஸ்பேனர் இருந்தால் கழற்றிவிடலாம். அதன் மேல் இரும்புப் பஞ்சைச் சுற்றி உள்ளே தள்ளினேன். புகை போகும் வழி குறுகினால் எஞ்சின் மூச்சு முட்டும், அதனால் ஜெட்டையும் மாற்றினேன். கடைசியில் வண்டி பூனை பால் குடிக்கிற மாதிரி சத்தம் போட்டது. தொழிலில் அவ்வளவு சுத்தமான வேலையை நான் அதற்கு முன்னால் செய்ததில்லை. மார்பை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

முதல் நாளே கங்காணி பதினோரு பேரைப் பிடித்தார். பதினோராவது ஆள் என் அம்மா. பூட்ஸைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாளாம். பதினோரு பேரையும் ஒரு வாரத்துக்குச் செங்குத்துச் சரிவுக்கு மாற்றிவிட்டார். அங்கே நிற்பதே ஒரு வேலை. சாயங்காலம் நான் வீட்டுக்குப் போனேன். அம்மா தட்டில் வெறும் சோற்றைக் கொட்டி முன்னால் வைத்தாள். குழம்பு இல்லையா என்று வாயைத் திறந்தேன்.

"சத்தமில்லாம சாப்புடு. ஒனக்குத்தான் சத்தமே புடிக்காதே."

கூடையில் கிடைத்தது

அந்தச் செங்குத்துச் சரிவு வாரம் முடிவதற்குள் கங்காணி வண்டியின் போல்ட் எங்கேயோ விழுந்து, உள்குழாயும் நழுவிப் போய்விட்டது. வண்டி பழைய குரலில், பழையதைவிடவும் பெரிய குரலில் கத்த ஆரம்பித்தது. விழுந்த குழாயைத் தேடிக் கங்காணி பாதையெல்லாம் நடந்தார். கிடைக்கவில்லை.

மத்தியானம் கொழுந்து நிறுக்கிற நேரம். வரிசையில் மாரியாயி அக்காவின் முறை வந்தது. வழக்கமாக அவர் கூடை லேசு. அன்று தராசு சட்டென்று இறங்கியது. கங்காணி சந்தேகப்பட்டுக் கூடைக்குள் கையை விட்டார். பச்சைக் கொழுந்துக்கு நடுவிலிருந்து, கரியும் எண்ணெயுமாக, நான் இரும்புப் பஞ்சு சுற்றிய உள்குழாய் வெளியே வந்தது. துரையின் ஆபீஸ் கணக்கரான கிராணி அங்கே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கங்காணிக்கு மூச்சு வாங்கியது. "இது எப்படி இதுக்குள்ள வந்துச்சு?" என்று கத்தினார். மாரியாயி அக்கா குழாயைத் தலை சாய்த்துப் பார்த்தார்.

"ஒங்க வண்டி போட்ட குட்டிதாங்க கங்காணி. காலையில ஆள் எண்ணுற பெரட்டுல பேரு குடுத்தா நாளைக்கு அதுவும் வேலைக்கு வந்துடும்."

காற்றின் கையில் என்ன இருக்கிறது

மறுபடி மாட்டினேன். மறுபடி கழன்றது. ஸ்பிரிங் வாஷர் போட்டேன், கழன்றது. ரெண்டு நட்டு போட்டேன், ரெண்டும் கழன்றன. மேலே பெயிண்ட் அடித்தேன். பெயிண்டோடு கழன்றது. ஒவ்வொரு முறையும் பிளக்கைப் பார்ப்பேன், வெளுத்துப்போயிருக்கும். உள்குழாய் இல்லாமல் வண்டி நெடுநேரம் ஓடியிருக்கிறது என்று அர்த்தம். எனக்கு ராத்தூக்கம் போனது. ஒரு போல்ட்டை நிறுத்தி வைக்கத் தெரியாதவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? போதாததற்கு, என் பத்தாம் நம்பர் ஸ்பேனரும் அந்தச் செங்குத்துச் சரிவு வாரத்திலேயே தொலைந்திருந்தது. பத்தாம் நம்பர் தொலையாத பட்டறை உலகத்தில் இல்லை என்பதால் அதைப் பற்றி நான் கவலைப்படவில்லை. புதிதாக ஒன்று வாங்கினேன்.

கங்காணியால் ஒவ்வொரு தடவையும் ரிங்லெட்டுக்கு இறங்கி வர முடியவில்லை. வேலை முடிந்து நானே அவர் வீட்டுக்குப் போவேன். வாரத்துக்கு ரெண்டு தரம் ஆகிவிட்டது. பாக்கியம் தேத்தண்ணி கொண்டுவந்து வைப்பாள். பக்கத்தில் நின்று வேலையைப் பார்ப்பாள். எந்தப் போல்ட் எதைப் பிடித்திருக்கிறது, எந்தப் பக்கம் திருப்பினால் இறுகும், எந்தப் பக்கம் திருப்பினால் கழலும் என்றெல்லாம் கேட்பாள். கட்டிக்கொள்ளப் போகிறவள் என் தொழிலில் இவ்வளவு அக்கறை காட்டுகிறாளே என்று எனக்கு உச்சி குளிர்ந்தது. வலப்பக்கம் இறுகும், இடப்பக்கம் கழலும் என்று அவள் கையாலேயே திருப்பச் சொல்லிக் காட்டிக் கொடுத்தேன்.

ஏழாவது தடவை கங்காணி பொறுமை இழந்துவிட்டார். கிராணி வீட்டிலிருந்து அவர்கள் பையனுக்குப் பெண் கேட்டிருக்கிறார்கள், இன்னொரு தடவை இது கழன்றால் நான் அங்கே வாக்குக் கொடுத்துவிடுவேன் என்றார்.  கையில் வேறு ஆயுதம் இல்லாததால் பழையதையே எடுத்தேன். மலைக் காற்றின் அதிர்வு அப்படி, இரும்பையே ஆட்டிவிடும் என்றேன். கங்காணி சுருட்டை வாயிலிருந்து எடுத்தார்.

"காத்து காத்துங்கிறியே தம்பி, அந்தக் காத்து என்னா, கையில ஸ்பேனர் வச்சிருக்கா?"

பற்றவைத்த வாய்

அன்றைக்கே வண்டியைப் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு வந்து, உள்குழாயை எக்சோஸோடு சேர்த்துச் சுற்றிலும் பற்றவைத்துவிட்டேன். தொழில் தெரிந்தவன் இதைச் செய்ய மாட்டான். டூ ஸ்ட்ரோக் வண்டியில் கரி சேரும். உள்குழாயை அவ்வப்போது உருவி நெருப்பில் சுட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். பற்றவைத்தால் கரி அடைத்து வண்டி செத்துப்போகும். தெரிந்தேதான் செய்தேன். கரி அடைக்க ஒரு மாதமாவது ஆகும். கிராணி வீட்டை முந்திக்கொண்டு எங்கள் நிச்சயதார்த்தம் அதற்குள் முடிந்துவிடும்.

மூன்று வாரம் போல்ட்டும் இல்லை, சத்தமும் இல்லை. காட்டில் யாரும் உட்காரவில்லை. அம்மா ராத்திரி சுடுதண்ணியில் காலை வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பாள். அதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் வெற்றிலை பாக்கு வாங்கி வைத்திருந்தேன்.

ஒரு நாள் மத்தியானம் கங்காணி பட்டறைக்கு வந்தார். என் மரப்பெட்டியில் உட்கார்ந்தார்.  பிறகு அவரே சொன்னார். முந்தின நாள் அவருக்கு ஆபீசில் துரையோடு கூட்டம். மத்தியானம் வரை வரமாட்டார் என்று பெண்களுக்குத் தெரியும். துரைக்குக் காய்ச்சல் என்று கூட்டம் நின்றுபோக, அவர் காட்டுக்குத் திரும்பியிருக்கிறார். வண்டி மூச்சு விடாமல் போய் மேட்டில் நின்றது. கீழே பெண்கள் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒருத்தி தோளில் துண்டு, கையில் குச்சி. அவரைப் போலவே இருமுகிறாள். அவரைப் போலவே "அடியே, கை ஓடுதா வாய் ஓடுதா?" என்கிறாள். பிறகு துரைக்கு முன்னால் அவர் நிற்பதுபோலக் குனிந்து, துண்டை இடுப்பில் கட்டி, "யெஸ் சார், யெஸ் சார், யெஸ் சார்." என் அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாளாம். நடுவில் நின்றவள் திரும்பியபோதுதான் முகம் தெரிந்திருக்கிறது. பாக்கியம்.

அவர் யார் பேரையும் எழுதவில்லை. அவர்கள் பார்ப்பதற்குள் வண்டியைப் பின்னாலேயே வளைவு வரைக்கும் தள்ளிக்கொண்டு போய், அங்கிருந்து ஹார்னை அடித்துக்கொண்டே மறுபடி வந்திருக்கிறார். அப்போது எல்லோரும் ஒழுங்காகக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, தரையில் கிடந்த நட்டுகளைப் பார்த்தார். அந்த மனிதர் மேல் எனக்கு அதுவரை பயம் மட்டும்தான் இருந்தது. அன்றைக்கு நிஜமாகவே இரக்கமாக இருந்தது. "துரை கேட்டால்?" என்றேன், மெதுவாக.

"தொரை கெடக்குறாரு. நீ சொன்னபடி ஊமையாக்கிட்ட, நானும் சொன்னபடி பொண்ணு தர்றேன்லா. மொதல்ல அந்தக் கருமத்த அறுத்து எடு தம்பி. எனக்கு இப்ப எல்லாம் கேக்குது."

முதல் சீர்

தோட்டத்து மாரியம்மன் கோயிலில் கல்யாணம் நடந்தது. மாமனார் வண்டி மாப்பிள்ளை அழைப்பில் முன்னால் வந்தது. மேளக்காரர் தன் மேளம் தனக்கே கேட்கவில்லை என்று கோபித்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் பாக்கியம் தன் தகரப்பெட்டியைத் திறந்து துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். ரெண்டு சேலைக்கு நடுவில் ஒரு கந்தல் பொட்டலம். எடுத்தால் கனத்தது. பிரித்தேன். பத்தாம் நம்பர் ஸ்பேனர். அதன் பிடியில் ஆணியால் கீறிய என் தலையெழுத்து, மன்னிக்கவும், என் பெயரின் முதல் எழுத்து. ஏழு தடவை என்னை மானம் போகவைத்த மலைக் காற்று என் முன்னால் நின்று சேலை மடித்துக்கொண்டிருந்தது.

"மொத தடவ தடுமாறித்தான் கழட்டினேன், அப்புறம் இடப்பக்கம் கழலும்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க" என்றாள். கால் ஓய்ந்தவர்கள் கொஞ்சம் உட்கார வேண்டாமா என்று கேட்டாள். அதுவும் போக, போல்ட் கழலாமல் இருந்திருந்தால் வாரத்துக்கு ரெண்டு தரம் நான் எதைச் சாக்கு வைத்து அவள் வீட்டுக்கு வந்திருப்பேன் என்றும் கேட்டாள்.  "சரி, என் பட்டறையிலிருந்து இது உன் கைக்கு எப்படி வந்தது?" என்றேன். அவள் அடுப்படிப் பக்கம் பார்த்தாள். அங்கே அம்மா குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள். திரும்பக்கூட இல்லை.

"மருமவளுக்கு நான் போட்ட மொத சீருடா அது. தங்கத்துல போட வக்கு இல்ல, இரும்புல போட்டேன்."

அன்றிலிருந்து பட்டறைக்கு எந்த வண்டியில் எது கழன்று வந்தாலும் நான் மலைக் காற்றைக் குறை சொல்வதில்லை. முதல் வேலையாக வீட்டுக்குப் போய்த் தகரப்பெட்டியைத்தான் திறந்து பார்க்கிறேன்.